பப்பாசிக்குள் ஒரு விளக்கு

“சித்தி, உங்கட வளவில பூசணி இருக்கா?”

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து அக்காவின் மகள் வட்ஸ்அப்பில் கேட்டாள். இங்கே வன்னியில், உடையார்கட்டில் இரவு எட்டு மணி, அங்கே காலை பத்தரை. திரை முழுக்க ஒரு செம்மஞ்சள் பூசணிக்காய் நின்றது. கண்கள் முக்கோணமாக, வாய் பல்லுப்பல்லாக வெட்டி, உள்ளே ஒரு சின்ன மின்குமிழை எரியவிட்டிருந்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “உது கண்ணூறு கழிக்கிற பூசணியெல்லோ, மோனை? உங்கையும் கண்ணூறு படுமோ?” என்று கேட்டார். பேத்தி சிரித்தாள். “இல்லை அம்மம்மா, இது ஹலோவீன்.”

அடுத்த நாள் பின்னேரம் அயல்வீட்டுப் பிள்ளைகள் நால்வர் எங்கள் படலையடியில் நின்றார்கள். படம் அவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. “அன்ரி, நாங்களும் பேய் பார்ட்டி வைப்பமா?” என்றான் மூத்தவன். பட்டணத்துக் கடைகளில் பிளாஸ்ரிக் எலும்புக்கூடும் றப்பர் முகமூடியும் விற்கிறார்களாம். ஒரு முகமூடிக்குக் கேட்கிற விலையில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொப்பி வாங்கலாம். அன்றே தீர்மானித்தேன். பார்ட்டி உண்டு. ஆனால் கடையிலிருந்து ஒரு சாமானும் வராது. வளவில் கிடப்பதும் குசினியில் இருப்பதும் போதும்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார்: “வெள்ளைக்காரன்ர பேய்த் திருநாள் எங்களுக்கு என்னத்துக்கு, பிள்ளை?” அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்தப் பதிலைக் கொண்டுதான் அன்றைய வேலை முழுவதையும் செய்தோம்.

நவம்பர் 1 கத்தோலிக்கரின் சகல புனிதர்கள் திருநாள். அதற்கு முந்தின இரவுதான் ஹலோவீன். மறுநாள் நவம்பர் 2-இல் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேமக்காலைக்குப் போய்ப் புல் செருக்கி, மெழுகுதிரி கொளுத்தி, செத்தவர்களை நினைத்து மன்றாடுவார்களே, அந்த நாளின் அயல்தான் இது. அதற்கும் முன்னால் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவை சௌவின் என்று கொண்டாடினார்கள். இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நடுவே உள்ள வேலி அன்று தளர்ந்துவிடும் என்று நம்பினார்கள். பின்னாளில் அந்த மண்ணின் சனம் கெட்டதை விரட்ட டேர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே நெருப்பு வைத்தார்கள். அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் அப்படியொரு கிழங்கு முகத்தின் வார்ப்பு இருக்கிறது. அதைப் படத்தில் பார்த்தால் பூசணி முகமெல்லாம் குழந்தை முகம் என்று தோன்றும். அவ்வளவு கொடூரம்.

பூசணி எங்கிருந்து வந்தது? 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அயர்லாந்தில் பெரும் பஞ்சம் விழுந்தது. இலட்சக்கணக்கானோர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார்கள். போன இடத்தில் டேர்னிப்பை விடப் பெரிதாக, மென்மையாக, குடைவதற்கு இலகுவாகப் பூசணி கிடைத்தது. அதை வெட்டினார்கள். பசியில் ஊரை விட்டுப் போன சனம், போன மண்ணில் விளைந்ததைக் கையிலெடுத்துத் தங்கள் பழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இன்று உலகம் முழுக்க விற்கிற ஹலோவீன் பூசணியின் கதை இவ்வளவுதான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, போன இடத்துத் தடியை வெட்டிக் கொட்டில் போட்டு, போன இடத்து மண்ணில் அடுப்பு மூட்டிய வன்னிச் சனத்துக்கு இந்தக் கதையை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவர்கள் கிழங்கைவிட்டுப் பூசணிக்கு மாறலாம் என்றால், நாங்கள் பூசணியைவிட்டுப் பப்பாசிக்கு மாறலாம்.

வாழைக்குற்றியும் பப்பாசியும்

பப்பாசியை நான் கண்டுபிடிக்கவில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்கு முற்றத்தில் வாழைக்குற்றி நட்டு, அதன் தலையில் பாதிச் சிரட்டையோ பாதியாய் வெட்டிய பப்பாசிக்காயோ வைத்து, எண்ணெய் விட்டுத் திரி கொளுத்துவது எங்கள் வீடுகளில் காலங்காலமாய் இருக்கிற வேலை. கிணற்றடி, மாட்டுக்கொட்டில், குப்பைமேடு, படலையடி என்று ஒன்றும் விடாமல் பந்தம் குத்துவார்கள். இருட்டான மூலை ஒன்றும் அன்று இருக்கக்கூடாது. விளக்கீடு என்ற சொல்லையே திருஞானசம்பந்தர் தம் மயிலாப்பூர்ப் பதிகத்தில் வைத்திருக்கிறார். அந்தப் பழைய சொல் எங்கள் வாயில் இன்னும் நாளாந்தச் சொல்லாகவே கிடக்கிறது.

ஆகவே எங்கள் பப்பாசி விளக்கு விளக்கீட்டுக்கு ஒத்திகை. அதற்கு ஒரு முகம் மட்டும் கூடுதலாய் வந்தது.

காய் நல்லாய் முற்றியதாக, அடிப்பக்கம் இலேசாய் மஞ்சளிக்கிற செங்காயாக இருக்க வேண்டும். பிஞ்சு சரிவராது. பால் கூடுதலாய் வடியும், சுவரும் மெல்லியது. பழுத்ததும் சரிவராது, வெட்டும்போதே குழைந்துவிடும். காயைக் கழுவித் துடைத்ததும் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். இதை மறந்த என் மருமகனுக்கு விரலிடுக்கெல்லாம் பால் ஒட்டி, இரவு முழுக்கக் கடித்தது. காம்புப் பக்கத்தை மூடிபோல வட்டமாய் வெட்டி எடுத்து, ஒரு கரண்டியால் உள்ளே சுரண்டுங்கள். கறுத்த விதைகள் கொத்துக்கொத்தாய் வரும். அவற்றை எறிய வேண்டாம், ஒரு சிரட்டையில் போட்டு வையுங்கள். அவற்றுக்கு வேலை இருக்கிறது. சதையை ஒரு விரல் தடிப்பு விட்டுவிட்டு மிச்சத்தைச் சுரண்டினால் போதும்.

முகத்தைப் பிள்ளைகள் கீறட்டும். எங்கள் வீட்டில் ஈர்க்கு நுனியால் கீறினார்கள். சின்னவள் கீறிய முகத்துக்கு ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. திருத்தவா என்று கேட்டேன், விடவில்லை. அந்த முகத்தில்தான் எல்லாரும் பயந்தார்கள். கத்தி பிடிப்பது பெரியவர்களின் வேலை. சின்னக் கத்தியால் கீறிய கோட்டில் குத்தி, அறுத்து, துண்டை உள்ளிருந்து வெளியே தள்ளினால் கண் திறக்கும். மூடியிலும் ஒரு துளை போடுங்கள். போடாவிட்டால் புகை அடைத்து விளக்கு நூர்ந்துவிடும்.

பப்பாசியின் அடி கூர். தரையில் நில்லாது. குலை வெட்டிய வாழையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு குற்றி அறுத்து நட்டு, மேலே கிண்ணம்போலத் தோண்டி அதில் காயை இருத்துங்கள். உள்ளே ஒரு சிட்டி விளக்கு, கொஞ்சம் தேங்காயெண்ணெய், ஒரு திரி. வெளியே பச்சைத் தோல், உள்ளே மஞ்சள் சதை. விளக்கெரிந்ததும் வெட்டிய விளிம்பெல்லாம் செம்மஞ்சளாய்ப் பற்றிக்கொள்ளும். மழை தூறிய அந்தப் பின்னேரம், மின்விளக்கை நூர்த்துவிட்டு ஆறு முகங்களையும் கொளுத்தினோம். பிள்ளைகளிடம் ஒரு சத்தம் இல்லை. பிறகுதான் கத்தினார்கள்.

மழைத்தண்ணி படாவிட்டால் இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் முகம் சுருங்கத் தொடங்கும்.

வெருளி, பனங்கொட்டை, ஓலை

எங்கள் ஊரில் பயமுறுத்துகிறவருக்குப் பஞ்சமில்லை. தோட்டத்தில் நிற்கிறார், புது வீடு கட்டுகிற இடத்தில் தொங்குகிறார். அவர் பெயர் வெருளி. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றி ஒரு சிறுவர் பாட்டே எழுதியிருக்கிறார். ஈழத்தில் பள்ளிக்கூடம் போன பலருக்கு அது மனப்பாடம். ஹலோவீன் கடைகளில் சோளக்கொல்லைப் பொம்மை என்று காசுக்கு விற்பதை நாங்கள் சும்மா செய்துவந்திருக்கிறோம்.

இரண்டு தடியைச் சிலுவையாய்க் கட்டுங்கள். அப்பாவின் பழைய சேட்டை மாட்டி, கையிலும் வயிற்றிலும் வைக்கலை அடையுங்கள். சாரத்தைச் சுற்றி வாழைநாரால் இடுப்பில் கட்டுங்கள். தலைக்கு உடைந்த மண்முட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வையுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் சுட்டுவிடும், ஆகவே அதைப் பெரியவர் ஒருவர் பூச வேண்டும். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆராத்திச் சிவப்பு வருமே, அதை ஒரு சொட்டு வாயோரம் விட்டோம். அதற்குமேல் விடவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பனங்காய்க் காலம் முடிந்து வளவெல்லாம் பனங்கொட்டை கிடக்கும். சப்பி, கழுவி, வெயிலில் காய்ந்த கொட்டையைப் பாருங்கள். தும்பு தலைமயிர்போலச் சிலிர்த்து நிற்கும். பழைய சீப்பால் அதை வாரி மேலே தூக்கிவிட்டு, சிரட்டைக்கரியைக் கஞ்சியில் குழைத்துக் கண் வைத்தால் ஒரு குட்டிப் பூதம் தயார். ஆறு கொட்டையைக் கயிற்றில் கோத்து விறாந்தையில் தொங்கவிட்டோம். காற்றடிக்கும்போது ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டது. இந்த அலங்காரத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

தோரணத்துக்குக் குருத்தோலை. வாசலில் நேராய்த் தொங்குகிற தோரணம் மங்களத்துக்கு. அதே ஓலையை நடுவில் மடித்து இரண்டு பக்கமும் பிறைபோல நறுக்கினால் வௌவால். வேலிக்கு மேய்ந்த பழைய கிடுகிலும் செய்யலாம், காய்ந்த ஓலையின் நிறம் இதற்கு இன்னும் பொருத்தம். பெடியள் அரை மணித்தியாலத்தில் முப்பது வௌவால் வெட்டினார்கள்.

பல்லுள்ள பலகாரம்

வெளிநாட்டில் பல்லும் நாக்கும் வைத்து அரக்க வாய் என்று கேக் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கிறோம். பிறைவடிவக் கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்போலச் சீவி வரிசையாய்க் குத்துவோம். பிள்ளையை இருத்தி, வெள்ளைத் துணி பிடித்து, தலையில் அதைக் கொட்டுவோம். முன்னால் புத்தகம், பேனை, காசு, நகை என்று பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்ப்போம். அந்தக் கொழுக்கட்டையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வாயைத் திறந்து சிரிக்கிற குட்டிப் பேய்தானே?

ஒரு சுண்டு வறுத்த அரிசிமாவுக்கு அரைச் சுண்டு பயறு. பயற்றை வாசம் வர வறுத்து, கோது நீக்கி, குழையாமல் அவித்து, அதே அளவு தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துப் பிசறி வையுங்கள். மாவில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, கொதிக்கிற தண்ணியை விட்டு விட்டு அகப்பைக்காம்பால் கிண்டி, கை பொறுக்கிற சூட்டில் பிசையுங்கள். தண்ணி ஆறியிருந்தால் மா வெடிக்கும். கொழுக்கட்டை வாய் பிளந்துபோவதற்கு அநேகமாய் அதுதான் காரணம். உருட்டி, தட்டி, உள்ளீடு வைத்து, பாதியாய் மடித்து விளிம்பை அமத்துங்கள். பிறகு பல் குத்துங்கள். நீத்துப்பெட்டியில் அல்லது இடியப்பத் தட்டில் 15 நிமிடம் அவித்தால் 12 முதல் 15 கொழுக்கட்டை கிடைக்கும். பல் குத்துகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்றுக்கு நாலு பல், ஒன்றுக்கு ஒரேயொரு பல். ஒற்றைப் பல்லனுக்குத்தான் அடிபிடி.

எள்ளுருண்டை கறுப்பு, உருண்டை. முறுக்கை உடைத்து எட்டுக் கால் குத்தினால் சிலந்தி. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. முறுக்கையே தட்டில் பரப்பி அதன் நடுவில் சிலந்தியை வைத்தால் வலை. கச்சான் எங்கள் பக்கத்து மண்ணின் பயிர். அவித்த கச்சானைக் கோதோடு ஒரு கடகத்தில் வைத்தோம், அது முதலில் முடிந்தது. நுங்குக் காலமாய் இருந்தால் ஒவ்வொரு நுங்கிலும் ஒரு முந்திரிகை வத்தலை வைத்துக் கண்முழி செய்திருக்கலாம். அதை வெயில்காலப் பிறந்தநாள் ஒன்றுக்கு வைத்திருக்கிறேன்.

குடிக்க என்ன என்று யோசித்தபோது வேலியில் படர்ந்திருந்த நீலக் காக்கணம்பூ கண்ணில் பட்டது. பத்துப் பன்னிரண்டு பூவைக் கழுவிச் சுடுதண்ணியில் போட்டால் தண்ணி மைநீலமாகும். ஆறவைத்து, சீனி கரைத்து, கிளாசில் வார்த்து, பிள்ளைகளின் கண்முன்னால் தேசிக்காய்ப்புளி விடுங்கள். நீலம் ஊதாவாய் மாறும். பூவிலுள்ள அந்தோசயனின் என்ற நிறப்பொருள் புளியில் நிறம் மாறுகிறது, இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் விளக்கத்தைக் குடித்து முடிந்த பிறகு சொல்லுங்கள். மூத்தவன் அதை அடுத்த நாள் விஞ்ஞான ரீச்சருக்குச் செய்து காட்டப் போவதாகப் பூப் பறித்துக்கொண்டு போனான்.

இங்கே வேண்டாதவை

பிள்ளைகளில் ஒருவன் வெள்ளைத்துணியில் சிவப்பைப் பூசிக் கட்டுப்போட்ட ஆளாக வருகிறேன் என்றான். இன்னொருத்தி கடதாசிப் பெட்டியில் பிணப்பெட்டி செய்யலாமா என்று கேட்டாள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு முற்றத்தில் பொய்க் கல்லறை நடுகிறார்கள், அது அவர்கள் ஊர். நான் வேண்டாம் என்றேன்.

காரணம் இதுதான். இறுதிப் போர் நடந்த 2009 ஜனவரியில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியின் வடக்கே, எங்கள் உடையார்கட்டையும் சுதந்திரபுரத்தையும் சேர்த்துத்தான் அரசாங்கம் முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. பாதுகாப்பு என்று நம்பி வந்த சனத்தின் மேல் செல் விழுந்தது. பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஆஸ்பத்திரி நடந்தது, அங்கும் விழுந்தது. அந்த நாளில் இந்த வீதியால் நடந்த ஒருத்தர் இல்லாத வீடு இந்தப் பகுதியில் இல்லை. இரத்தம் ஊறிய கட்டு அவர்களுக்கு வேடமில்லை. ஆகவே எங்கள் முற்றத்தில் மண்டையோடு இல்லை, பெட்டி இல்லை, கட்டுப்போட்ட உடம்பு இல்லை. வெருளி இருக்கலாம், பூதம் இருக்கலாம், வௌவால் இருக்கலாம், பல்லிளிக்கிற பப்பாசி இருக்கலாம். பிள்ளை பயந்து, அடுத்த நொடி சிரிக்க வேண்டும். சிரிப்பில் முடியாத பயம் எங்கள் சனத்துக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது. இதை நான் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொன்னேன். கேட்டு, துணியை மடித்து வைத்தார்கள்.

இன்னொன்று. அலங்காரத்துக்கென்று காட்டோரத்தில், உழாத தறையில் கிடக்கிற இரும்பையோ தகரக் குழாயையோ பிள்ளைகள் பொறுக்கக்கூடாது. வன்னியில் வெடிபொருள் அகற்றுகிற வேலை முடியவில்லை. தெரியாத இரும்பைத் தொடாமல், அந்த இடத்தில் அடையாளம் வைத்துப் பெரியவரிடம் சொல்ல வேண்டும்.

வீடு வீடாய்ப் போய் இனிப்புக் கேட்கிற பழக்கத்துக்கும் எங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். அப்போது ஒரு கதை சொன்னேன். 1950-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பிள்ளைகள் சிலர் ஹலோவீன் இரவில் மிட்டாய்க்குப் பதிலாகக் காலிப் பால் பெட்டியை நீட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் நொந்துபோன பிள்ளைகளுக்காகச் சில்லறை சேர்த்து யுனிசெப்புக்கு அனுப்பினார்கள். முதலில் சேர்ந்தது 17 டொலர். 1955-இல் கனடாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கதையைக் கேட்டு முடிந்ததும் கேட்பதைவிடக் கொடுப்போம் என்று முடிவாயிற்று. கொழுக்கட்டையை வாழையிலையில் பொதிந்து, தனியாய் இருக்கிற வயதானவர்கள் வீட்டுக்கு நால்வரும் கொண்டுபோனார்கள். சின்னவள் பனங்கொட்டைப் பூதத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். முதலில் கேள்வி கேட்ட பெரியவர், ஒற்றைப் பல் கொழுக்கட்டையைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். “எனக்கும் இப்ப இவ்வளவுதான்” என்று வாயைத் திறந்து காட்டினார்.

2024-இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒக்டோபர் 31 என்ற ஒரே நாளில் வந்தன. அன்று ஸ்காபரோவில் அக்கா வீட்டு வாசலில் குத்துவிளக்கும் பூசணி விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்ததை அம்மா திரையில் பார்த்தார். வெளிநாட்டிலுள்ள உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பேத்தி பூசணி குடையும்போது அம்மம்மாவைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அம்மம்மாவுக்குத் தெரிந்த விளக்கைப் பற்றி அவரும் சொல்லட்டும்.

கடைசியாய்ச் செய்ய வேண்டிய வேலை ஒன்று மறுநாள் காலைக்கு உரியது. இது மாரி. வாழைக்குற்றியின் குழி, சிரட்டை, குடைந்த பப்பாசி எல்லாவற்றிலும் ஒரே இரவில் தண்ணி நிற்கும், டெங்கு நுளம்பு முட்டையிடும். சிரட்டையைக் கவிழ்த்து அடுப்படிக்குக் கொண்டுபோங்கள், பப்பாசியை வெட்டிப் பசளைக் கிடங்கில் போடுங்கள், குற்றியைப் பிடுங்குங்கள். சிரட்டையில் எடுத்து வைத்த விதைகளைச் சாம்பலில் பிரட்டி நிழலில் இரண்டு நாள் உலரவிட்டு, தண்ணி தேங்காத மேட்டில் ஊன்றுங்கள். மழை அவற்றைப் பார்த்துக்கொள்ளும். பப்பாசி எட்டு ஒன்பது மாதத்தில் காய்க்கும். அடுத்த ஒக்டோபருக்கு முகம் வெட்டக் காய் உங்கள் வளவிலேயே நிற்கும்.